கயிறு அறுக்கப்பட்டவர்களின் பாட்டு: போக்ஸ் குழுவின் இரண்டாவது ஆல்பம்

கேள்வி இதுதான்: "ஃபோக் பங்க் என்று பேச்சு வந்தாலே தி போக்ஸ் குழுவின் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். கேட்டேன். மதுக்கடையில் நாலு பேர் கத்துவதுபோல் இருக்கிறது, பாடகர் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார். இதில் அப்படி என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்கிக் கேட்பது?"

நிறையவே இருக்கிறது. ஃபோக் பங்க் என்பது நாட்டுப்புற இசையும் பங்க் ராக்கின் முரட்டு வேகமும் கலந்த வகை. முதல் முறை கேட்கும்போது அது காதில் விழாமல் போவதும் இயல்புதான். இந்த ஆல்பத்தைக் குடியும் கும்மாளமுமான ஐரிஷ் கொண்டாட்டம் என்று சொல்லியே பலர் அறிமுகப்படுத்துகிறார்கள். அதை நம்பிக் கேட்பவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், பிரிட்டனில் எண்பதுகளில் வந்த ஆல்பங்களில் இந்த அளவு துக்கமும் கோபமும் உள்ளவை மிகக் குறைவு. உலகம் பயன்படுத்திக்கொண்டு தூக்கி எறிந்த மனிதர்களைப் பற்றிய பாட்டுகள் இவை. அட்டைப்படத்திலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது, அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

ஆல்பத்தின் பெயர் 'ரம், சாடமி அண்ட் த லாஷ்'. 1985 ஆகஸ்டில் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. பிரிட்டிஷ் கடற்படையின் மரபு என்று பெருமையாகச் சொல்வதெல்லாம் உண்மையில் ரம்மும், ஆணோடு ஆண் கொள்ளும் உறவும், சாட்டையடியும்தான் என்று வின்ஸ்டன் சர்ச்சில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் உண்மையிலேயே சொன்னாரா என்பது சந்தேகம்தான். குழுவின் டிரம்மர் ஆண்ட்ரூ ராங்கன் அதை ஆல்பத்துக்குப் பெயராக வைக்கலாம் என்றார். பேரரசின் பெருமைக்குக் கீழே, கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்களின் வாழ்க்கை என்ன என்று கேட்கிற பெயர் அது. லண்டனில் தேம்ஸ் நதியில் அருங்காட்சியகமாக நிற்கும் எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலில்தான் அறிமுக விழாவையும் வைத்தார்கள்.

அட்டையில் இருப்பது பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ வரைந்த 'மெதூசாவின் தெப்பம்'. மூல ஓவியம் பாரிஸின் லூவ்ரில் இருக்கிறது. அதிலுள்ள சில முகங்களை எடுத்துவிட்டுக் குழுவினரின் முகங்களை வைத்திருக்கிறார்கள். அந்த ஓவியத்தின் கதை தெரிந்தால் ஆல்பம் பாதி திறந்துகொள்ளும். 1816 ஜூலையில் மெதூசா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியா கரைக்கு அருகே மணல்திட்டில் சிக்கியது. தலைவர் அனுபவமில்லாதவர், அரச குடும்பத்தின் தயவால் பதவிக்கு வந்தவர். உயிர்காக்கும் படகுகள் எல்லாருக்கும் போதவில்லை. ஏறக்குறைய 150 பேரை அவசரமாகக் கட்டிய ஒரு தெப்பத்தில் ஏற்றி, படகுகளோடு கயிற்றால் பிணைத்து இழுத்துப் போவதாக ஏற்பாடு. கொஞ்ச தூரத்திலேயே அந்தக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். 13 நாள் கழித்து வேறொரு கப்பல் கண்டெடுத்தபோது தெப்பத்தில் 15 பேர் மட்டுமே உயிரோடு இருந்தார்கள்.

மேலே இருப்பவர்கள் கயிற்றை அறுத்துவிட்டுப் போகிறார்கள், கீழே இருப்பவர்கள் மிதந்துகொண்டே இருக்கிறார்கள். ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகள் இந்தத் தெப்பத்தில் இருப்பவர்களைப் பற்றியவை: வேலை தேடி லண்டனுக்கு வந்து தெருவில் விழுந்த பையன், ரயில் பாதை போட்டுச் செத்த கூலியாட்கள், போரில் கால் இழந்த சிப்பாய், பாலைவனத்தில் மகனைப் பறிகொடுத்த தாய்.

இனி இவர்கள் யார் என்று பார்ப்போம். பாட்டுகளை எழுதிப் பாடிய ஷேன் மெக்கவன் 1957 கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதில் சில காலம் அயர்லாந்தின் டிப்பெரரியில் தாய்வழி உறவினரின் பழைய வீட்டில் வளர்ந்தார். இரவெல்லாம் பாட்டும் கதையுமாக இருந்த வீடு அது. அப்புறம் இங்கிலாந்து. இலக்கியத்தில் கெட்டிக்காரர் என்பதால் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. போதைப்பொருள் வைத்திருந்ததற்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1976இல் லண்டனில் பங்க் வெடித்தபோது அதன் நடுவில் இருந்தார். தி நிப்ஸ் என்ற பங்க் குழுவில் பாடினார். டிப்பெரரியில் காதில் விழுந்த பாட்டும் லண்டன் பங்கின் கோபமும் ஒரே ஆளுக்குள் சேர்ந்தது இப்படித்தான்.

1982இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் குழு உருவானது. பங்கின் அடிப்படை நம்பிக்கை, தேர்ச்சி வரும்வரை காத்திருக்காதே, கையில் எடு, வாசி என்பது. இவர்கள் அதை மின்கிதாருக்குப் பதிலாக நாட்டுப்புற வாத்தியங்களில் செய்து பார்த்தார்கள். ஸ்பைடர் ஸ்டேசி கையில் எடுத்தது டின் விசில், மலிவான தகரக் குழல். நிப்ஸில் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஃபியர்ன்லி அக்கார்டியனுக்கு மாறினார். ஜெம் ஃபைனர் பாஞ்சோவைப் பழகிக்கொண்டார். காய்ட் ஓ'ரியர்டன் என்ற இளம்பெண் பாஸ். ராங்கன் நின்றுகொண்டே இரண்டு மூன்று டிரம்களை மட்டும் வைத்து அடிப்பார். மேடையில் ஸ்டேசி பீர் தட்டை எடுத்துத் தன் தலையிலேயே மோதித் தாளம் போடுவதும் உண்டு. 1984இல் வந்த முதல் ஆல்பம் 'ரெட் ரோஸஸ் ஃபார் மீ'. அதில் வேகமும் துடிப்பும் உண்டு, நல்ல பாட்டுகளும் உண்டு. ஆனால் பழைய பாட்டுகளை எடுத்து வேகமாகத் தட்டுவதுதான் வித்தை என்ற எண்ணம் வருகிற இடங்களும் உண்டு. இரண்டாவது ஆல்பத்தில் அந்த எண்ணத்துக்கே இடமில்லை.

காலத்தையும் சொல்ல வேண்டும். 1974இல் பர்மிங்காமில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் வேலை என்று பழி அதன்மேல் விழுந்தது. அதைத் தொடர்ந்து வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பிரிட்டனில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் தலைக்குமேல் ஆண்டுக்கணக்கில் தொங்கியது. ஐரிஷ் உச்சரிப்போடு பேசினாலே சந்தேகப் பார்வை. செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்த பர்மிங்காம் ஆறு பேர் 1991இல்தான் வெளியே வந்தார்கள். 1984 அக்டோபரில் பிரைட்டனில் பிரதமர் தாட்சர் தங்கியிருந்த விடுதியில் குண்டு வெடித்தது. 1985 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டுப் போராட்டம் தோற்று முடிந்தது. அயர்லாந்திலோ வேலையில்லாமல் இளைஞர்கள் மறுபடியும் கூட்டம் கூட்டமாக லண்டனுக்குப் படகேறினார்கள். லண்டனில் பிறந்த ஐரிஷ் பிள்ளைகள் தங்கள் அடையாளத்தை அடக்கியே வாசித்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் இந்தக் குழு மேடையேறி, ஐரிஷ் பாட்டை, அதுவும் லண்டன் தெருவின் குரலில், முழுச் சத்தத்தில் பாடியது. அந்தத் துணிச்சலை இன்று கேட்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பாளர் ஆங்கிலப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்தவர்கள் இவர்கள், அந்தப் பழக்கத்தில் வந்த வேலை. தன் பணி என்ன என்பதைப் பின்னாளில் அவரே தெளிவாகச் சொன்னார். அதிகத் தொழில்திறமை கொண்ட எவராவது வந்து இவர்களைக் கெடுத்துவிடுவதற்கு முன், இருக்கிற சிதிலமான அழகோடு பிடித்து வைப்பதுதான் என்றார். அதை அவர் அப்படியே செய்தார். எண்பதுகளின் நடுவில் வந்த ஆல்பங்கள் பலவற்றில் டிரம் சத்தம் குகைக்குள் வெடித்ததுபோல் எதிரொலிக்கும், செயற்கை ஒலிகள் எங்கும் மினுங்கும். இதில் அந்த ஒப்பனை எதுவும் இல்லை. அக்கார்டியன் மூச்சு வாங்குவதும் பாஞ்சோவின் தந்தி முறுக்கும் தெளிவாகக் கேட்கின்றன. அதனால்தான் 40 ஆண்டு கழித்தும் ஒலியில் பழமை தட்டவில்லை. அதேசமயம் தேவையான இடத்தில் ஆள் சேர்த்துக்கொண்டார். டாமி கீன் இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் துருத்திக் குழல் வாசித்தார். ஹென்றி பெனா ஃபிடில். தி ஸ்பெஷல்ஸ் குழுவோடு வாசித்த டிக் கத்தெல் ஊதுகொம்பு. கிதாருக்கு ஃபிலிப் ஷெவ்ரான் வந்து சேர்ந்தார். அயர்லாந்தின் முன்னோடிப் பங்க் குழுக்களில் ஒன்றான ரேடியேட்டர்ஸில் இருந்தவர். முதல் ஆல்பத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இதில் ஒவ்வொரு வாத்தியமும் மற்றதற்கு இடம் விட்டு வாசிக்கிறது.

பாட்டுகளுக்கு வருகிறேன். 12 பாட்டுகள். எல்லாவற்றையும் ஒரே அளவில் விவரிக்கப் போவதில்லை, எனக்கு எது பெரிதோ அதில்தான் நிற்பேன்.

முதல் பாட்டு, நோய்ப் படுக்கையில் கிடக்கும் கூஹுலினைப் பற்றியது. கூஹுலின் அல்ஸ்டர் பகுதியின் பழங்கதைகளில் வரும் மாவீரன். அவன் நோயில் விழுந்து கிடந்த கதையும் பழைய ஐரிஷ் இலக்கியத்தில் உண்டு. மெக்கவனின் பாட்டில் அந்தப் படுக்கையில் கிடப்பவன் இருபதாம் நூற்றாண்டின் ஒரு கிழட்டுக் குடிகாரன். தலைமாட்டில் ஜான் மெக்கார்மாக், ரிச்சர்ட் டௌபர் என்ற இரண்டு பழைய பெரும்பாடகர்கள் பாடுகிறார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளுக்கு எதிராகப் போரிட்ட ஐரிஷ்காரர் ஃபிராங்க் ரையன் வந்துபோகிறார். யூதர்களைத் திட்டிய ஒரு கருஞ்சட்டைக்காரனை, அதாவது பாசிஸ்டை, நம் ஆள் அடித்து வீழ்த்துகிறான். கடைசியில் டிப்பெரரியின் க்ளோப்ரையர் இடுகாட்டில் புதைக்கிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்டி, இன்னொரு சுற்று ஊற்று என்கிறான். பாட்டு மெதுவாகத் தொடங்கித் திடீரென்று பாய்கிறது, மறுபடி அடங்குகிறது, மறுபடி பாய்கிறது. புராண வீரனையும் தெருவில் விழுந்து கிடப்பவனையும் மெக்கவன் ஒரே ஆளாகவே பார்க்கிறார். இது வெறும் உத்தி என்று நான் நினைக்கவில்லை. மதுக்கடை மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவனுக்குள் ஒரு காவியம் இருக்கிறது என்பதை அவர் மனதார நம்பினார். அந்த மரியாதை ஆல்பம் முழுக்க இருக்கிறது.

இரண்டாவது பாட்டு 'தி ஓல்ட் மெயின் டிராக்'. முதல் பாட்டின் ஆரவாரம் அடங்குவதற்குள் இது வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். பதினாறு வயதுப் பையன் கையில் ஐந்து பவுண்டோடு லண்டனுக்கு வருகிறான். காசுக்காக ஆண்களோடு போகிறான், மாத்திரைக்கு அடிமையாகிறான். லெஸ்டர் சதுக்கத்தில் படுத்துக் கிடந்தவனைப் போலீஸ் தூக்கிப் போய் வைன் தெரு நிலையத்தில் அடித்து நொறுக்குகிறது. கடைசியில் உடல் முழுக்கச் சிதைந்து, அந்தத் தெருவிலேயே கிடக்கிறான். கீழே ஒரே சுருதி நீண்டு ஒலித்துக்கொண்டே இருக்க, பழைய நாடோடிப் பாட்டின் வடிவத்தில் போகிறது. 'ஊரை விட்டு நகரத்துக்கு வந்தேன்' என்று தொடங்கும் பாட்டுகள் ஐரிஷ் மரபில் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் பிரிந்த காதலியும் பச்சை மலையும் இருக்கும். மெக்கவன் அந்த அச்சிலேயே, யாரும் பாடத் துணியாத உண்மையை ஊற்றினார். பரிதாபம் கேட்கும் தொனி ஓரிடத்திலும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டே போகிறது. ஆல்பத்தின் பெயரை வெறும் குறும்பு என்று நினைத்தவர்கள் இந்தப் பாட்டுக்குப் பின் அப்படி நினைக்க மாட்டார்கள்.

மூன்றாவது, கில்கென்னி பூனைகளைப் பற்றிய வாத்திய இசை. வால் மட்டும் மிஞ்சும்வரை சண்டை போட்டதாகச் சொல்லப்படும் பூனைகள். நடுவில் வரும் அலறல்களோடு நன்றாகவே ஓடுகிறது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதில் ஓ'ரியர்டன் பாடுகிறார். ஒரு ஜமீன்தார் தொனியில், என்னைப் போன்ற ஆளை நீ தினமும் பார்க்க முடியாது என்று ஓர் ஆண் பெருமை பேசும் மரபுப் பாட்டு அது. ஒரு வார்த்தையும் மாற்றாமல் ஓர் இளம்பெண்ணின் குரலில், கொஞ்சம் தயக்கத்தோடு வரும்போது அந்தப் பெருமை முழுக்கத் தனிமையாக மாறிவிடுகிறது.

ஐந்தாவது 'எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்'. என்னைப் பொறுத்தவரை ஆல்பத்தின் உச்சம் இதுதான். காதலில் தோற்ற ஓர் இளைஞன் மதுக்கடையில் குடித்துக்கொண்டிருக்கிறான். ஜூக்பாக்ஸில் ஜானி கேஷ் பாடுகிறார். பக்கத்தில் ஒரு கிழவர் தன் போர்க்கதையைச் சொல்லத் தொடங்குகிறார்: சிதறிக் கிடந்த கை கால்கள், செத்துக்கொண்டிருந்தவர்களின் அலறல், அதற்கு நடுவே தான் நினைத்துக்கொண்ட ஒரு ஜோடிப் பழுப்புக் கண்கள், திரும்பி வந்தபோது அந்தக் கண்கள் தனக்காகக் காத்திருக்கவில்லை என்பது. இளைஞனுக்கு அந்தக் கிழவரைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது. எழுந்து வெளியே வந்து கால்வாய் ஓரம் தள்ளாடி நடக்கிறான். அவன் மனதிலும் ஒரு ஜோடிப் பழுப்புக் கண்கள்தான். இரண்டு பேரின் துக்கமும் ஒன்றே என்பது பாட்டில் எங்கும் நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. இளைஞன் அதை உணர்ந்தானா என்றுகூடத் தெரியாது. கேட்கிற நமக்கு மட்டும் தெரிகிறது.

மெட்டு, 'வைல்ட் மௌண்டன் தைம்' என்ற பழைய பாட்டை நினைவுபடுத்தும். அதில் தவறொன்றும் இல்லை. நாட்டுப்பாடல் மரபில் மெட்டு ஊர்ச்சொத்து, வேண்டியவர் எடுத்துத் தன் கதையை ஏற்றிக்கொள்ளலாம். இந்தப் பாட்டை முதலில் கேட்ட பலர் இது நூறு ஆண்டுப் பழைய பாட்டு என்றே நினைத்தார்கள். ஒரு நாட்டுப்பாடல் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஜூக்பாக்ஸும் ஜானி கேஷும் உள்ள ஒரு பாட்டு பழைய பாட்டாகத் தோன்றுகிறது என்றால், சொற்களின் கட்டு அப்படி. ஒற்றைப் பாட்டாக வெளியானபோது பிரிட்டிஷ் பட்டியலில் 72ஆம் இடம்தான் கிடைத்தது.

அடுத்து 'சாலி மெக்லெனன்'. கேட்டவுடன் எழுந்து ஆடத் தோன்றும். அந்தப் பெயர் பெண்ணின் பெயர்போல் இருந்தாலும் பாட்டில் அது குடிக்கிற சரக்குதான். கதையை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மதுக்கடையில் ஹார்மோனிகா வாசித்த ஜிம்மி ஊரை விட்டுப் போகிறான். எல்லாரும் ரயில் நிலையம்வரை மழையில் நடந்து வழியனுப்புகிறார்கள். கடையில் வேலை பார்க்கும் பையன் வளர்கிறான். ஜிம்மி ஒருநாள் திரும்பி வருகிறான், அவன் தேடி வந்தவர்கள் யாரும் இல்லை. எந்த ரயிலில் போனார்கள் என்று கேட்கிறான். பிறகு குடித்தே சாகிறான். ஊர் காலியாகிற கதை இது. புலம்பெயர்தலின் துயரத்தை மெதுவான மெட்டில் வைத்தால் கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். ஆட்டத்தில் வைத்ததால் அது உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஐரிஷ் மரபில் வழியனுப்பு விருந்து என்பதே விடிய விடிய ஆட்டமும் அழுகையும் கலந்ததுதான். அமெரிக்காவுக்குப் போகிறவர்களை இனிப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே ஆடினார்கள்.

'டர்ட்டி ஓல்ட் டவுன்' எல்லாருக்கும் தெரிந்தது. இதை டப்ளினைப் பற்றிய ஐரிஷ் பாட்டு என்று உலகம் முழுக்க நினைக்கிறார்கள். எழுதியவர் ஈவன் மெக்கால், ஆண்டு 1949, ஊர் இங்கிலாந்தின் சால்ஃபோர்ட், அவர் வளர்ந்த ஆலைநகரம். ஒரு நாடகத்துக்காக எழுதினார். அறுபதுகளில் தி டப்ளினர்ஸ் என்ற ஐரிஷ் நாட்டுப்பாடல் குழு பாடிய பிறகுதான் அது அயர்லாந்துக்குக் குடியேறியது. போக்ஸ் அதை மெதுவாக, ஹார்மோனிகாவோடு, கிட்டத்தட்ட அன்பாகப் பாடுகிறார்கள். கடைசி அடிகளில் அந்த ஊரையே கோடரியால் வெட்டிச் சாய்ப்பேன் என்று வரும். அதை மெக்கவன் கத்துவதில்லை. நீண்டநாள் யோசித்து முடிவெடுத்தவர்போல் சொல்கிறார்.

அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பற்றிய மரபுப் பாட்டை ஸ்டேசி பாடுகிறார். ஜாலியாகப் போகிறது, ஆனால் ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் போகிற ஆழத்துக்கு அது போகவில்லை. காவல்கூண்டுக்குள் ஒரு பெண்ணை ஏமாற்றும் சிப்பாயைப் பற்றிய 'தி ஜென்டில்மன் சோல்ஜர்' பாட்டும் அப்படித்தான். இந்த இரண்டும் இல்லாமல் போனாலும் ஆல்பம் குறையாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டு. கனமான பாட்டுகளுக்கு நடுவே மூச்சு விட இடம் வேண்டாமா என்பார்கள். சரி, அதிலும் நியாயம் இருக்கிறது.

'நேவிகேட்டர்' வேறு ரகம். குழுவுக்கு நெருக்கமான ஃபில் காஸ்டன் எழுதியது. பிரிட்டனின் கால்வாய்களையும் ரயில் பாதைகளையும் மண்வெட்டியால் வெட்டிய கூலியாட்களைப் பற்றியது. அவர்களில் ஏராளமானோர் அயர்லாந்திலிருந்து போனவர்கள். சுரங்கம் சரிந்தும் வெடிமருந்து வெடித்தும் செத்தவர்களின் கணக்கு யாரிடமும் ஒழுங்காக இல்லை. அவர்கள் போட்ட பாதையில் ரயில் ஓடுகிறது, பெயர்க்கல் இல்லை. 'பில்லிஸ் போன்ஸ்' வேகமாக ஓடும் பாட்டு. ஊரில் அடிதடியோடு திரிந்த பில்லி அமைதிப்படையில் சேர்ந்து பாலைவனத்துக்குப் போகிறான். ஐரிஷ் ராணுவம் 1978 முதல் லெபனானில் ஐநா படையில் பணியாற்றி வந்தது, அந்தப் பின்னணியில் கேட்க வேண்டிய பாட்டு. அவன் எலும்பு அங்கே வெயிலில் கிடக்க, தாய் ஒவ்வொரு காலையும் அழுகிறாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தாயின் அழுகைக்கும் அதே வேகம்தான், அவளுக்காக மெட்டு நிற்பதில்லை.

கடைசிப் பாட்டு எட்டு நிமிடம். 'அண்ட் த பேண்ட் பிளேட் வால்ட்ஸிங் மட்டில்டா'. எழுதியவர் எரிக் போகல், ஸ்காட்லாந்தில் பிறந்து 1969இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1971இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலியில் நடந்த சண்டையைப் பற்றி எழுதினார். ஊர் ஊராகத் திரிந்த ஓர் ஆஸ்திரேலியனை 1915இல் கையில் துப்பாக்கி கொடுத்துத் துருக்கிக்கு அனுப்புகிறார்கள். வாத்தியக்குழு 'வால்ட்ஸிங் மட்டில்டா' என்ற ஆஸ்திரேலிய நாட்டுப்பாட்டை வாசிக்கிறது, கொடிகள் ஆடுகின்றன. சுவ்லா விரிகுடாவில் குண்டுமழை. கண்விழிக்கும்போது கால்கள் இல்லை. திரும்பி வரும்போதும் அதே வாத்தியக்குழு, அதே மெட்டு. துறைமுகத்தில் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தனக்காகக் காத்திருந்து அழ யாரும் இல்லையே என்று அவன் நிம்மதி அடைகிறான். இப்போது ஒவ்வோர் ஏப்ரலும் வராந்தாவில் உட்கார்ந்து பழைய தோழர்களின் அணிவகுப்பைப் பார்க்கிறான். எதற்காக நடக்கிறார்கள் என்று சிறுவர்கள் கேட்கிறார்கள். அவனும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறான்.

ஓர் ஐரிஷ் குழு ஏன் ஆஸ்திரேலியச் சிப்பாயைப் பாட வேண்டும்? சுவ்லாவில் 1915 ஆகஸ்டில் இறங்கிய படைகளில் பத்தாவது ஐரிஷ் டிவிஷனும் ஒன்று. கலிப்பொலியில் ஐரிஷ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அடுத்த ஆண்டே டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சி. அதன்பின் பிரிட்டிஷ் சீருடையில் செத்தவர்களைப் பற்றிச் சுதந்திர அயர்லாந்தில் பேசுவதற்கே பலர் கூச்சப்பட்டார்கள். அனுப்பியவர்களும் மறந்தார்கள், ஊர்க்காரர்களும் மறந்தார்கள். இந்தப் பாட்டை ஆல்பத்தின் முடிவில் வைத்தபோது அந்த மறதியும் உள்ளே வந்துவிடுகிறது. போகலின் பாட்டைப் பலர் பாடியிருக்கிறார்கள், பெரும்பாலும் அழகாக, உருகி உருகி. மெக்கவன் உருகுவதில்லை. பாஞ்சோவின் ஒற்றைத் தட்டுகளோடு, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒருவர் எழுபது ஆண்டாகச் சொல்லிச் சலித்த கதையைச் சொல்வதுபோல், தட்டையான கரகரத்த குரலில் பாடுகிறார். பாடியபோது அவருக்கு 27 வயது. பல் உடைந்த வாய், தெளிவில்லாத உச்சரிப்பு என்று நீங்கள் குறையாகச் சொன்ன அதே குரல்தான் இங்கே அந்தக் கிழவனை நம்ப வைக்கிறது. பயிற்சி பெற்ற நல்ல குரலுக்கு இது வாய்க்காது என்றே நினைக்கிறேன்.

அயர்லாந்தின் மரபிசைக்காரர்கள் எல்லாரும் இதை வரவேற்கவில்லை. குடிகார ஐரிஷ்காரன் என்று ஆங்கிலேயர்கள் நூற்றாண்டுகளாகக் கேலி செய்த உருவத்தை இவர்களே மேடையேற்றுகிறார்கள் என்ற கோபம் இருந்தது. கடுமையாக விமர்சித்தவர்களில் கான்செர்டினா என்ற சிறு துருத்தி வாத்தியக் கலைஞர் நோயல் ஹில் ஒருவர். 1986இல் வெளிவந்த நான்கு பாட்டுத் தட்டில் ஒரு வாத்திய இசைக்கு அவர் பெயரையே சூட்டி இவர்கள் பதில் சொன்னார்கள். ஹில் தரப்பின் கவலையை நான் ஒதுக்கமாட்டேன். மரபிசையைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களுக்கு இந்தச் சத்தம் வலித்திருக்கும். மெக்கவனின் குடியை அழகாக்கிப் பேசிப் பேசி, பாட்டுகளைக் கேட்காமலே போன ரசிகர் கூட்டமும் உண்மை. ஆனால் இந்த ஆல்பத்தில் குடி எங்கே வருகிறது என்று பாருங்கள். தோற்றவன் கையில், போரிலிருந்து திரும்பியவன் கையில், சாகப்போகிறவன் கையில். இதில் எந்த இடத்திலும் குடிப்பது சுகமாக இல்லை. 1987இல் மூத்த குழுவான டப்ளினர்ஸே இவர்களோடு சேர்ந்து 'தி ஐரிஷ் ரோவர்' பாடினார்கள். அது பிரிட்டனில் எட்டாம் இடத்துக்கு வந்தது. மரபின் வீட்டுக் கதவு அன்றே திறந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆல்பம் பிரிட்டனில் 13ஆம் இடம்வரை போனது. ஓ'ரியர்டன் 1986இல் விலகினார். 1988இல் வந்த மூன்றாவது ஆல்பம் இன்னும் பெரிய வெற்றி, 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' அதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டில் மெக்கவனோடு பாடிய கெர்ஸ்டி மெக்கால், 'டர்ட்டி ஓல்ட் டவுன்' எழுதிய ஈவன் மெக்காலின் மகள். மூன்றாவது ஆல்பம்தான் சிறந்தது என்போர் நிறைய. வாசிப்பில் அது செறிவானது, ஒலியில் விரிந்தது, நானும் ஒப்புக்கொள்வேன். இருந்தாலும் பழைய பாட்டுக்கும் புதிய பாட்டுக்கும் இடையில் தையல் தெரியாதபடி ஒட்டியது இரண்டாவதில்தான். மரபுப் பாட்டுகள், மெக்கால், போகல், காஸ்டன், மெக்கவன் என்று ஐந்து வெவ்வேறு ஊற்றுகள். எது யாருடையது என்று சொல்லாமல் கேட்கச் செய்தால் பிரித்துச் சொல்வது கடினம்.

பின்னாளில் அமெரிக்காவில் டிராப்கிக் மர்ஃபிஸ், ஃபிளாகிங் மோலி போன்ற குழுக்கள் இந்த வழியில் வந்தன. வேகத்தையும் கூட்டத்தை எழுப்பும் சக்தியையும் நன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். 'ஓல்ட் மெயின் டிராக்' போன்ற ஒன்றை எழுதுவது வேறு விஷயம். அதற்கு அந்தத் தெருவில் நின்று பார்த்திருக்க வேண்டும். மெக்கவன் 2023 நவம்பர் 30 அன்று இறந்தார். டிப்பெரரியின் நீனா ஊரில் இறுதித் திருப்பலி நடந்தபோது தேவாலயத்துக்குள்ளேயே பாடி ஆடினார்கள். 2025இல் ஆல்பத்தின் நாற்பதாம் ஆண்டுக்காக ஸ்டேசி, ஃபைனர், ஃபியர்ன்லி மூவரும் இளைய பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு மேடையேறினார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். வரிசையாகக் கேட்பதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'டர்ட்டி ஓல்ட் டவுன்', காது அந்தக் குரலுக்குப் பழகும். அடுத்து 'எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்', கட்டாயம் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. அப்புறம் 'ஓல்ட் மெயின் டிராக்', அதுவும் வரிகளோடு. இந்த மூன்றும் பிடித்தால் ஒரு மாலை நேரம் ஒதுக்கி முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேளுங்கள், ஹெட்ஃபோனில் கேட்டால் இன்னும் நல்லது. கூடுதல் பாட்டுகளோடு வந்த மறுவெளியீடு கிடைத்தால், முதல் முறை 'மட்டில்டா' முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதன்பின் வருபவற்றில் 1986 தட்டின் 'எ ரெய்னி நைட் இன் சோஹோ' இருக்கிறது. மெக்கவன் எழுதிய மிக அழகான காதல் பாட்டு அது, அதை இன்னொரு நாள் தனியாகக் கேளுங்கள்.